ஒட்டுப்போடும் கலை

ஆவுடையார்கோவிலின் கற்கொடுங்கையை அண்ணாந்து நோக்குவோர், அது மரமோ எனத் திகைப்பர். கருங்கல்லிலேயே சட்டங்களையும் ஆணிகளையும் செதுக்கி வைத்தான் சிற்பி. ஒட்டுப்போலத் தோன்றுவதும் அங்கே வேலைப்பாடே. கதைகளில் காணும் ஒட்டுகள் எல்லாம் அத்தகையன அல்ல.

அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களை எடுத்துக்கொள்வோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனையப்பட்ட கதை அது. அவ்வாண்டு வந்து சென்றது, அக்கதையுலகம் வரவில்லை. இதனைப் பிழை என்னோம். கற்பனை ஆரூடம் அன்று. தான் முன் சொன்னதைத் தானே மறுப்பதுதான் பிழை.

'ஸ்டார் ட்ரெக்' அதற்குத் தக்க சான்று. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அத்தொடரில், கிளிங்கான் என்னும் வேற்றுலகத்தாருக்கு மனித நெற்றியே இருந்தது. 1979இல் திரைப்படம் வந்தது, ஒப்பனை வளர்ந்தது, நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்தன. 1994இல் பழைய கிளிங்கான் தலைவர்கள் மூவரை, முன்பு நடித்த அதே நடிகர்களே மேட்டு நெற்றியுடன் நடித்தனர். ரசிகர்கள் விளக்கம் கேட்டனர். 1996இல் ஒரு கிளிங்கான் பாத்திரம், அதைப் பற்றி அயலாரிடம் பேசுவதில்லை என்று கூறி நழுவியது. 2005இல் பிறிதொரு தொடர், மரபணுச் சோதனையில் விளைந்த நோயே மேடுகளை அழித்தது என இரண்டு பகுதிகளில் விளக்கிற்று.

இவற்றுள் முன்னதே சிறந்தது என்பது நம் துணிபு. அது ஓட்டையை ஒப்புக்கொண்டு சிரிக்கிறது. பின்னது, ஒப்பனைக்காரரின் மாற்றத்தை வரலாறாக்க முயல்கிறது.

விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா எனலாம். விளையாட்டில் பழகிய கை வினையிலும் நீளும் என்பதே நம் கவலை. விருப்பமானதில் முரண் கண்டால் உடனே ஒரு காரணம் கட்டும் வழக்கம், ஊர் வரலாற்றிலும் குடும்பப் பெருமையிலும் புகுந்துவிடும். நம் முன்னோர் அவ்வாறு செய்திலர். முரண்படுவனபோல் தோன்றும் நபிமொழிகளைக் குறித்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 'இக்திலாஃபுல் ஹதீஸ்' என்னும் தனி நூலே இயற்றினார்கள். அக்கலையில், அறிவித்தவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்பது முதற்கேள்வி. இணக்கம் காண்பது அதன் பின்னரே. செய்தி மெய்யா என்று தேராமல் விளக்கம் தேடுவது அங்கே இல்லை.

புனைகதைக்கு ஒட்டுப்போடுங்கள், அது இன்பமே. ஆயின் பிள்ளைகள் தொடரில் ஓட்டையைக் கண்டு கேட்கும்போது, "எடுத்தவர் மறந்துவிட்டார்" என்று சொல்லவும் கற்றுக்கொடுப்போம். பிழையைப் பிழை என்னும் துணிவு சிறிய இடத்தில்தான் பழக வேண்டும்.