கோர்வையும் அட்டையும்: பொய்க் கிட்டாரை முன்வைத்து

1

பிள்ளையார்பாளையத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு தறிக்குழி இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு அதைச் சிமெண்ட் போட்டு மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு தொலைக்காட்சி, அதன் கீழே யாரிடமோ பழையதாக வாங்கிய பிளேஸ்டேஷன் 4. அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். வேலை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் கிட்டார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு 'ராக் பேண்ட் 4' விளையாடுகிறான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பன் ஒருவன் வேண்டாமென்று கொடுத்த கிட்டார் அது. தந்தி கிடையாது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள். தந்தி இருக்கவேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசைகிற ஒரு சின்னக் கட்டை.

திரையில் சாலைபோல ஒன்று நம்மை நோக்கி நீண்டு வருகிறது. அதன்மேல் வண்ண வில்லைகள் உருண்டு வருகின்றன. வில்லை கீழ்க்கோட்டைத் தொடும் கணத்தில் அதே நிறப் பொத்தானை அழுத்திக் கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிட்டார் கேட்கும். தவறினால் கிட்டார் மட்டும் அறுந்துபோய், 'டொக்' என்று ஒரு மொண்ணைச் சத்தம். மற்ற வாத்தியங்கள் நம்மைச் சட்டைசெய்யாமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருநாள் என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தறியில் இருந்த மனிதர். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "பாவு மாதிரியே எறங்கி வருதுடா. பையன் கையப் பாக்கவே இல்ல பாரு."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து கிளம்புகிறது.

2

இதை எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "தறி போச்சு, கூலி போச்சு, பசங்க பொய்க் கிட்டார் வச்சி ஆடறானுங்க. அதப் போயி கோட்பாடு பண்றியா?" அவருடைய கேலிக்குப் பின்னால் ஒரு முழு விமர்சன மரபே நிற்கிறது. பண்பாட்டுத் தொழிற்சாலை மக்களைச் செயலற்ற நுகர்வோராக்குகிறது, போலி இன்பத்தை விற்கிறது என்கிற, அடோர்னோவிலிருந்து நாம் கற்ற வாதம். நானும் அதைப் பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன்.

வாதத்துக்குச் சான்றுகள் ஏராளம். இந்த ஆட்டத்தின் மூல வடிவங்களில் ஒன்றை ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1990களின் இறுதியில் விளையாட்டுக் கூடங்களுக்காக உருவாக்கியது. எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்திலிருந்து வந்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி இருவரும் 1995இல் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனம், ரெட்ஆக்டேன் நிறுவனத்துக்காக உருவாக்கிய 'கிட்டார் ஹீரோ' 2005 நவம்பரில் வெளிவந்தது. வாத்தியம் பயிலாதவனுக்கும் வாசிக்கிற இன்பத்தைத் தருவது என்பதே ஹார்மோனிக்ஸ்காரர்களின் நோக்கம். அடுத்த வருஷமே ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது, ஹார்மோனிக்ஸை எம்.டி.வி. வாங்கியது. 2007இல் வந்த மூன்றாம் பாகத்தின் விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியதாக ஆக்டிவிஷன் 2009இல் அறிவித்தது. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு என்று வடிவங்களைக் கொட்டிச் சந்தையைத் திகட்டச் செய்து, 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடினார்கள். மூலதனம் ஓர் இன்பத்தைக் கண்டுபிடித்துப் பிழிந்து சக்கையாக எறிவதற்கு ஆறு வருஷம் கூட ஆகவில்லை.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் 'பொய்' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். எது பொய்? தந்தி இல்லாததா? இசையில் இரண்டு உண்டு, கேட்கிற இசை ஒன்று, வாசிக்கிற இசை ஒன்று என்று ரோலான் பார்த் 1970இல் எழுதினார். வாசிக்கிற இசை உடம்பில், கையில், தசையில் இருக்கிறது. அது மெல்ல மறைந்து, கேட்பவர் மட்டுமே மிஞ்சுகிறார் என்பது அவர் கவலை. பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டியிருக்கிற என் மருமகன் இந்த இரண்டில் எதிலும் அடங்கவில்லை. அவன் வாசிக்கவில்லை, வெறுமனே கேட்கவும் இல்லை. அவன் உடம்பு பாட்டுக்குள் போய் அதன் காலத்தை அளந்துகொண்டிருக்கிறது. அந்த அளவைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3

காஞ்சிபுரத்தில் 'கோர்வை' என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று தறியில். சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும்போது மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வி நிற்க வேண்டும். ஒருவரால் ஆகாது. நெசவாளி ஒரு பக்கம், கோர்வைக்கு உட்காருகிறவர் மறுபக்கம். இன்னொரு கோர்வை மிருதங்கத்தில். பெரும்பாலும் மும்முறை வாசித்துப் பாட்டின் எடுப்பில் வந்து விழுகிற முத்தாய்ப்பு.

இந்த ஊர் லயத்துக்குப் பெயர்போன ஊர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் சூழ உட்கார்ந்து பாடியவர். அத்தனை பேரின் கணக்குக்கும் நடுவில், ஒருவர் இழுத்தால் இன்னொருவர் விட்டுக்கொடுத்து, பல்லவியை அவர் கொண்டுபோய்ச் சேர்த்ததைப் பற்றி இசை உலகம் இன்னும் பேசுகிறது. தறியில் நடந்ததும் இதுதான் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் ஏழு வயசிலிருந்து பதிமூன்று வயசுவரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு மறுபக்கம் கோர்வைக்கு உட்கார்ந்தவன் நான். நாடாவை வாங்கு, திருப்பு, அனுப்பு. அப்பாவின் கால் மிதியில் அழுந்தும் சத்தத்தை வைத்தே என் கை எழும். தூக்கம் வரும். கண்ணயர்ந்தால் தலையில் ஒரு தட்டு. என்னுடையது சொந்த வீட்டுத் தறி. முன்பணத்துக்கு ஈடாக வேறு வீட்டுத் தறிகளில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை தனி. ஆகவே இழந்த சொர்க்கம் ஒன்றை மீட்டெடுக்கிற கதையாடலுக்கு இங்கே இடமில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தடுமாறினால் அப்பா நிற்பார். இழை அறுந்தால் முடிவார். தப்பு விழுந்தால் நாலு ஊடையைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவார். திட்டிக்கொண்டேதான் செய்வார், ஆனால் செய்வார். அவருடைய காலம் என்னுடைய காலத்துக்காகக் காத்திருந்தது.

திரையில் இறங்குகிற பாவு காத்திருப்பதில்லை. பாட்டு முன்பே முடிந்துவிட்ட ஒன்று. எவரோ எங்கோ வாசித்து, பதிந்து, வில்லைகளாக வெட்டி வைத்தாகிவிட்டது. ஆடுகிறவன் செய்யக்கூடியது அதற்கு இணங்குவது அல்லது தவறுவது. தவறுகள் எண்ணப்படுகின்றன, முடிவில் சதவீதமாகத் திரையில் தோன்றுகின்றன. உடம்பின் அசைவைக் கணம் கணமாகப் பகுத்து, ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் அசைவை விதித்து, விலகலைப் பதிவுசெய்கிற அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ எழுதியது நினைவுக்கு வராமல் போகாது. மருமகனிடம் கேட்டேன், பகலில் பார்க்கிற வேலைக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம் என்று. அவன் யோசிக்கவே இல்லை. "இது எனக்குப் புடிச்ச ஸ்பீடு மாமா. அங்க லைன் ஸ்பீடு."

கூலியோடு கட்டப்படாத தாளம் என்பதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். நம் விமர்சன மரபு காணத் தவறியது இதைத்தான். அப்பாவின் தறியிலும் அவனுடைய தொழிற்சாலையிலும் தாளம் வேலையின் அடிமையாக இருந்தது. கூடத்தில், மூடப்பட்ட குழிக்கு மேலே, அரைமணி நேரம் அது எதற்கும் பயன்படாமல் இருக்கிறது.

ஆட்டத்துக்குள்ளும் எல்லாமே கண்காணிப்பு அல்ல. ராக் பேண்டில் பலர் சேர்ந்து ஆடும்போது, தோற்று வெளியேறிய ஒருவரை இன்னொருவர் தான் சேர்த்த சக்தியைச் செலவழித்து மீட்டுக்கொண்டு வரலாம். கோர்வையின் ஒரு மங்கிய ஞாபகம் எந்திரத்துக்குள்ளும் இருக்கிறது.

4

இனி அட்டைக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்குமுன் 'அடை' முறையில், பூவுக்கு வேண்டிய பாவு இழைகளைத் தூக்கிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். ஜக்கார்டு அந்த ஆளை நீக்கியது. 1804இல் லியோன் என்ற பிரெஞ்சுப் பட்டு நகரத்தில் ழோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை எளிமையானது: அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், துளை இல்லையென்றால் தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அந்த லியோன் நெசவாளர்கள்தான் 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள். அதே துளை அட்டையைச் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்த கதை. பட்டுத் தறியிலிருந்து கிளம்பிய அட்டை, இருநூறு வருஷம் சுற்றி, வண்ண வில்லைகளாகப் பிள்ளையார்பாளையத்துக் கூடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்பா பாவு என்று சொன்னது வெறும் உவமை அல்ல.

அட்டையில் தீர்மானமாவது அதிகாரம். கட்டம்போட்ட தாளில் பூவை வரைகிறவர், அதை அட்டையாக வெட்டுகிறவர், அந்த அட்டையை வைத்திருக்கிற முதலாளி. இவர்களுக்குப் பின்னால்தான் நெசவாளி. எந்தப் பூ, எத்தனை பூ என்பதில் அப்பாவுக்கு ஒருநாளும் வாய் இருந்ததில்லை. ஆட்டத்திலும் அதே நிலைதான். மருமகன் வைத்திருக்கிற வட்டில் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அவன் விரல் பழகுவதெல்லாம் ஆங்கில ராக் இசையின் நினைவகம். அட்டை கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015இல் வந்த 'கிட்டார் ஹீரோ லைவ்' பெரும்பாலான பாடல்களை இணையம் வழியாகவே தந்தது. 2018 டிசம்பர் 1 அன்று ஆக்டிவிஷன் அந்தச் சேவையை நிறுத்தியது. வட்டிலிருந்த 42 பாடல்கள் மிஞ்சின. காசு கொடுத்தவனிடம் கிட்டார் இருந்தது, பாட்டு இல்லை. அட்டையை மாஸ்டர் எடுத்துக்கொண்டு போனபின் நிற்கிற தறி எப்படியிருக்கும் என்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, இந்த ஆட்டத்தைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி 'இது உண்மையான இசையா' என்பதல்ல, 'அட்டையை வெட்டுவது யார்' என்பது.

5

ரசிகர்கள் தாமே ஒரு பதில் தேடிக்கொண்டார்கள். 'குளோன் ஹீரோ' என்ற இலவச மென்பொருளில் எவரும் எந்தப் பாட்டுக்கும் தாமே வில்லைகளை வெட்டிச் சேர்க்கலாம். போன பொங்கல் விடுமுறையில் மருமகன் ஒரு பழைய மடிக்கணினியில் 'இளைய நிலா' பாட்டுக்கு அட்டை வெட்ட உட்கார்ந்தான். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டு. மூன்று நாள் ஆனது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப, வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, பின்னால் போய்க் கேட்டான். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "மொத்தப் பாட்டையும் போட்டுத் தொலையேன்டா!"

எனக்கோ டி.கே. பட்டம்மாளின் ஞாபகம் வந்தது. 1919இல் இந்த ஊரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கச்சேரிகளுக்குப் போய்க் கேட்டு, வீட்டுக்கு வந்து தானே குறித்து வைத்துப் பாடிப் பழகியவர். நாயனா பிள்ளையின் கச்சேரிகள் அவருக்குப் பள்ளிக்கூடம். அவருடைய குடும்பப் பெண்கள் மேடையில் பாடுவது வழக்கமே இல்லாத காலத்தில், ராகம் தானம் பல்லவியைக் கச்சேரியில் பாடிய முன்னோடி ஆனார். ஒரு மேதையை என் மருமகனோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். ஒப்பிடுவது ஆளை அல்ல, செயலை. பிறர் தந்ததைக் கேட்டு, அதைத் தன் கையால் எழுத்தாக்கும்போது கேட்பவரின் இடம் மாறுகிறது. வெட்டப்பட்ட அட்டைக்கு இணங்குகிறவர், அட்டை எப்படி வெட்டப்படுகிறது என்று அறிந்தவராகிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி அவன் கேட்டான்: "மாமா, இத வாசிச்சது யாரு?"

"இளையராஜா."

"அது மியூசிக் மாமா. கிட்டார் வாசிச்சது யாரு?"

ஆர். சந்திரசேகர் என்று சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். எத்தனை நூறு முறை அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், அதன் காதலைப் பற்றியும் இரவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்தக் கையின் பெயரைத் தேடிக்கொண்டது ரொம்பப் பின்னால்தான், அதுவும் தற்செயலாக. ஐந்து பொத்தான் பொய்க் கிட்டாரை வைத்திருக்கிறவன், பாட்டுக்குள் ஒரு மனிதக் கை இருக்கிறது என்று மூன்றே நாளில் கண்டுகொண்டு அதன் பெயரைக் கேட்கிறான்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'கிட்டார் ஹீரோ' வெளிவந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். குறியீடு ஊருக்குப் பெயர் கொடுத்தது. சேலையின் எந்த மூலையிலும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை, மறுபக்கம் கோர்வைக்கு உட்கார்ந்தவர் பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை. நுகர்வுப் பண்பாடு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டுப் போகிற தோழர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: ஒதுக்குவதற்குமுன் அந்தப் பையன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கையைப் பற்றிய கேள்வியை அவன் கேட்க ஆரம்பித்துவிட்டான். நாம் இன்னும் கேட்கவில்லை.

பாட்டை வெட்டி முடித்ததும் அவன் கிட்டாரை அப்பாவின் மடியில் வைத்தான். அவர் பொத்தான்களைத் தடவிப் பார்த்தார், நாலைந்து வில்லைகளைத் தவறவிட்டார், 'டொக் டொக்' என்றது. "நில்றா, நில்றா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அது நிற்கவில்லை. மருமகன் எழுந்துபோய் வேகத்தைக் குறைத்து வைத்தான்.