ஆங்கில முன்னிடைச்சொற்களும் தமிழ் வேற்றுமைகளும்: இணைப்பட்டியல் முறை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு மொழியின் இலக்கணத்தைப் பிறிதொரு மொழியின் சட்டகத்துள் வைத்துக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் வெளியிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் அமைந்தது. தமிழின் எட்டு வேற்றுமைப் பாகுபாடு வடமொழியை அடியொற்றியது என்னும் கருத்தைக் கால்டுவெல் 1856இல் முன்வைத்தார். இன்று ஆங்கிலத்தைத் தமிழ்வழி விளக்கும் கையேடுகளில் இச்சிக்கல் திசைமாறி நிகழ்கின்றது. 'டு' என்பது கு, 'வித்' என்பது ஓடு, 'இன்' என்பது இல், 'ஆஃப்' என்பது உடைய எனப் பட்டியல் தரப்படுகின்றது. இம்முறையின் பொருத்தத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினையே தெரிவு செய்கின்றது

'லுக் அட்', 'லுக் ஃபார்', 'பிலீவ் இன்', 'லிசன் டு', 'டிபெண்ட் ஆன்' ஆகிய ஐந்து தொடர்களில் ஐந்து வேறு முன்னிடைச்சொற்கள் வந்துள்ளன. இவற்றுக்கு நேரான பார், தேடு, நம்பு, கேள், சார்ந்திரு என்னும் தமிழ் வினைகளோ இரண்டாம் வேற்றுமை ஒன்றையே ஏற்கின்றன. படத்தைப் பார்த்தான், சாவியைத் தேடினான், நண்பனை நம்பினான், பாட்டைக் கேட்டான், பெற்றோரைச் சார்ந்திருந்தான் என்பனவே வழக்கு.

எதிர்நிலையும் உண்டு. 'ஆஃப்' என்னும் ஒரே சொல் 'திங்க் ஆஃப்' என்புழி ஐ உருபாகவும் (தாயை நினைத்தான்), 'டை ஆஃப்' என்புழி ஆல் உருபாகவும் (காய்ச்சலால் இறந்தான்) பெயர்க்கப்படுகின்றது. 'உடைய' என்பதற்கு இவ்விடங்களில் இடமே இல்லை. ஆகவே முன்னிடைச்சொல்லுக்கும் உருபுக்கும் நேரிணை காண்பது இயலாது. வினையோடு சேர்த்தே பொருள் காண வேண்டும்.

பெயர்கொண்டு முடியும் ஆறாம் வேற்றுமை

இவ்விடத்துத் தமிழ் இலக்கண மரபின் பாகுபாடு ஒன்று துணைசெய்யும். ஆறாம் வேற்றுமை பெயர்கொண்டு முடிவது. ஏனைய உருபேற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் வினையை அவாவுவன, அவற்றுள் சில பெயரையும் ஏற்பன. ஆங்கிலத்தின் வரலாறும் இப்பாகுபாட்டுக்கு இயைந்தே செல்கின்றது. பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமை ஈறுகள் பலவற்றைப் பெற்றிருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை தேய, அவற்றின் பணியை முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் ஏற்றன. பெயர்ச்சொல்லில் எஞ்சியது, பெயரைப் பெயரோடு இணைக்கும் உடைமை ஈறாகிய 'ஸ்' மட்டுமே.

உடைமைப் பன்மையில்தான் இரு மொழிகளும் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு மாணவனுடையது, பல மாணவர், பல மாணவருடையது ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் 'ஸ்டூடண்ட்ஸ்' என ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் அபாஸ்ட்ரஃபி என்னும் குறியின் இடம் அவற்றை வேறுபடுத்தும். 'சில்ட்ரன்' போன்ற ஒழுங்கற்ற பன்மைகளில் மட்டுமே 'சில்ட்ரன்ஸ்' என உடைமை ஈறு தனித்துக் கேட்கின்றது. தமிழிலோ மாணவனுடைய, மாணவர்கள், மாணவர்களுடைய என ஒவ்வொன்றும் செவிக்கே தெளிவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் அது, ஆது என்பனவற்றையும் பன்மையில் அ என்பதையும் உருபாகக் கூறும். இங்குக் கூறப்படும் ஒருமை பன்மை உடைமைப் பொருளுக்கு உரியவை. எனது கை, என கைகள் என்பன போல. ஆங்கில உடைமைப் பன்மையிலோ உடையவரே பலர். இரண்டனையும் 'ஆறாம் வேற்றுமைப் பன்மை' என ஒரே பெயரால் சுட்டுவது குழப்பத்திற்கே வழிவகுக்கும்.

இரண்டும் கூடுமிடம்

'தி கமிட்டி லிசண்ட் டு தி ஸ்டூடண்ட்ஸ் டிமாண்ட்ஸ்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் 'டு' என்பது 'ஸ்டூடண்ட்ஸ்' என்பதன் முன் நிற்பினும் அதனைத் தழுவவில்லை. 'டிமாண்ட்ஸ்' என்பதையே தழுவுகின்றது. உடைமைப் பெயர் இடைப்பிறவரலாக நிற்கின்றது. தமிழில் உருபு தலைமைப் பெயரின் ஈற்றிலேயே ஒட்டுவதால் இம்மயக்கம் எழுவதில்லை: குழு மாணவர்களுடைய கோரிக்கைகளைக் கேட்டது. பட்டியலை நம்புவோர் 'டு' என்பதை அடுத்து நிற்கும் சொல்லோடு சேர்த்து 'மாணவர்களுக்கு' எனப் பெயர்ப்பர். மேலும், இத்தொடரைச் செவிவழி மட்டும் பெறும் மொழிபெயர்ப்பாளர் கோரியவர் ஒருவரா பலரா என்பதைச் சூழல் கொண்டே துணிய வேண்டும். ஏனெனில் தமிழ் அவ்வையத்திற்கு இடந்தராது.

முடிவுரை

இப்பட்டியலின் தீமை ஆங்கிலம் கற்போரோடு நிற்பதன்று. தமிழகத்திற்கு வெளியே தமிழைப் பிறமொழியாளர்க்கு ஆங்கிலவழி கற்பிக்குங்கால் அதே பட்டியல் தலைகீழாகப் பயன்படின், 'பாட்டுக்குக் கேட்டான்' என்பது போன்ற தொடர்களே விளையும். பிழை மாணவருடையதன்று, கருவியினுடையது. ஆதலின் இருமொழி அகராதிகளும் பாடநூல்களும் வினைதோறும் அது ஏற்கும் வேற்றுமையையும், அதற்கு நேரான ஆங்கில வினை ஏற்கும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே தருதல் வேண்டும். உடைமை ஈற்றைப் பெயர்த்தொடர் இலக்கணத்தின்கீழ்த் தனியே விளக்குதல் வேண்டும். வினை அவாவுவதையும் பெயர் அவாவுவதையும் பிரித்துக் காணும் பார்வை நம் இலக்கண மரபிலேயே உள்ளது. அதனை விடுத்துச் சொல்லுக்குச் சொல் பட்டியலிடுவது இரு மொழிகளுக்கும் நீதி செய்வதாகாது.