பிறழ்வு தெரிகிறது, நோய் தெரிகிறதா?

கருப்பை வாய்ப் புற்றுக்காக எடுக்கும் பாப் ஸ்மியர் மாதிரியில், மேலே கருப்பையின் உட்படலத்திலிருந்து உதிர்ந்து இறங்கிய செல்களும் சில நேரம் கலந்திருக்கும். நுண்ணோக்கிக்கு அவை எளிதில் பிடிபடுவதில்லை. டி.என்.ஏ.வைப் படித்தால் பிடிபடுமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போய் உருவாக்கியதுதான் பாப்சீக் சோதனை. 18 மரபணுக்களில் பிறழ்வு உண்டா, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கிறதா என்று அது பார்க்கிறது.

2018இல் வெளிவந்த முடிவுகள் அசத்தலானவை. உட்படலப் புற்று இருந்த 382 பெண்களில் 81 விழுக்காட்டினரைச் சோதனை கண்டுகொண்டது. தாவோ பிரஷ் என்னும் சிறு தூரிகையைக் கருப்பைக்குள்ளேயே செலுத்தி எடுத்த மாதிரிகளில் இது 93 விழுக்காடு. புற்று இல்லாத 714 பெண்களில் தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 1.4 விழுக்காடுதான்.

ஆனால் அந்த 382 பேரும் நோய் உறுதியானவர்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது வேறு, நலமாக நடமாடும் பெண்களிடம் தேடுவது வேறு. ஒரு பேச்சுக்கு, 10,000 பெண்களில் 10 பேருக்குப் புற்று இருப்பதாகக் கொள்வோம். சோதனை எட்டுப் பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே நோயில்லாத சுமார் 140 பேரையும் பயாப்சிக்கு அனுப்பும். 1.4 என்ற சின்ன எண்ணுக்குள் அத்தனை பேரின் தூக்கம் இருக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் 2016இல் கருப்பையைக் கழுவியெடுத்த நீரைச் சோதித்தார்கள். திசுப் பரிசோதனையில் புற்றின் தடயமே இல்லாத 95 பெண்களில் 51 பேரிடம், புற்றைத் தூண்டக்கூடிய பிறழ்வுகள் இருந்தன! 2020இல் பிரிட்டனின் சாங்கர் ஆய்வகமும், நலமான உட்படலச் சுரப்பிகளிலேயே இத்தகைய பிறழ்வுகள் மலிந்திருப்பதையும், அவற்றுள் சில இளம் வயதிலேயே தோன்றிவிடுவதையும் காட்டியது. அப்படியானால் ஓரிடத்தில் 1.4 விழுக்காடு, இன்னோரிடத்தில் பாதிக்கு மேல் என்பது எப்படி? யாரைச் சோதிக்கிறோம், எவ்வளவு நுணுக்கமாகத் துழாவுகிறோம், எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பிறழ்வு என்பது விதை. எந்த விதை முளைக்கும் என்று சொல்ல இந்தச் சோதனைக்குத் தெரியாது.

இன்னொன்று, இந்தப் புற்று ஓசையில்லாமல் வருவதல்ல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு உதிரப்போக்கு முன்னறிவிப்பாக இருக்கிறது. ஆனால் அப்படி உதிரம் படுபவர்களில் நூற்றில் ஒன்பது பேர் அளவுக்கே புற்று இருக்கும். மீதிப் பேரும் ஸ்கேன், வலி மிகுந்த பயாப்சி என்று அலைகிறார்கள். என் பார்வையில் மரபணுச் சோதனைக்கு உரிய இடம் இதுதான்: எல்லோரையும் சலிக்கும் சல்லடையாக அல்ல, ஏற்கெனவே அறிகுறியோடு வந்தவர்களை வகைபிரிக்கும் கருவியாக. இந்தப் புற்றின் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறியைப் பரம்பரையாகப் பெற்ற பெண்களைக் கண்காணிக்கவும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். (அந்தப் பரம்பரைப் பிறழ்வை ரத்தத்தில் தேடுவது வேறு சோதனை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அறிகுறி இல்லாத பெண்களுக்கு இதை ஆண்டுச் செக்கப்பில் சேர்த்து விற்கும் காலம் வந்தால், வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. மாறாக, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும், உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.