கேட்கப்படாத ஒரு கேள்வி: சிலப்பதிகாரக் கொலைக்களம் குறித்து

சிலப்பதிகாரத்தைத் துன்பியல் காப்பியமாக நோக்குவோர் பெரும்பாலும் 20ஆவது காதையாகிய வழக்குரை காதையிலேயே நின்றுவிடுகின்றனர். நமது கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் பாடப்படுவதும் கண்ணகி வழக்குரைதான். ஆயின் அவலத்தின் முடிச்சு 16ஆவது காதையாகிய கொலைக்களக் காதையிலேயே விழுந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

ஊடிச் சென்ற தேவியைத் தேடி விரையும் பாண்டியனைப் பொற்கொல்லன் வழியில் காண்கிறான். சிலம்பைத் திருடியவனே செய்தி சொல்கிறான். 'கையில் சிலம்பு இருந்தால்' என்றொரு நிபந்தனையோடுதான் மன்னன் ஆணையிடுகிறான். ஆனால் அதே வாக்கியத்தில் கோவலனைக் 'கள்வன்' என்றும் கூறிவிடுகிறான். விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று.

அடுத்த பகுதி மேலும் கவனத்திற்குரியது. காவலர் தயங்குகின்றனர்; இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து எனக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளை அடுக்கி விரிவுரை நிகழ்த்துகிறான். இளைஞன் ஒருவன் தன் பழைய அனுபவத்தைச் சொல்லி அச்சமூட்டுகிறான். இறுதியில் வாளை வீசுபவன் கல்லாத களிமகன் ஒருவன். ஆணையிட்டவன் ஒருவன், நியாயம் கற்பித்தவன் இன்னொருவன், வெட்டியவன் வேறொருவன். பொறுப்பு இவ்வாறு பங்கிடப்படும்போது கொலை எளிதாகிவிடுகிறது. இளங்கோ இதனை ஒரு கொடியவனின் கதையாகச் சுருக்கவில்லை.

சிலம்பின் பரல் யாது? இந்த ஒரு கேள்வி போதும், கோவலன் பிழைத்திருப்பான். வழக்குரை காதையில் அக்கேள்விக்கு விடை கிடைக்கிறது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், தேவியின் சிலம்பில் முத்து. 'கள்வன்' என்ற சொல் திரும்பி வந்து மன்னனையே சேர்கிறது; அவனே அதைத் தன்மேல் ஏற்று வீழ்கிறான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறும், தன் தவறினால் வீழும் உயர்ந்தோன் இங்கு கோவலனைவிட நெடுஞ்செழியனே எனலாம். வாயிலைத் திறந்து ஓர் அபலையின் வழக்கைக் கேட்டான். தனக்கு எதிரான சான்றைத் தானே வருவித்தான். அவனது உயர்வு அதிலேதான் இருக்கிறது.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவன ஊழியருள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலைக்களக் காதை நம் மண்ணில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. வழக்குரை காதைதான் இன்னும் நிகழவில்லை.

கண்ணகியைக் கற்பின் வடிவமாக மட்டும் காணும் வாசிப்பு இதனை மறைத்துவிடுகிறது. அவள் அரசவைக்குக் கொண்டுசென்றது சான்றுப் பொருள் ஒன்றை. நம் மாணவருக்கு முதலில் உணர்த்த வேண்டியதும் அதுவே.