மாங்குளத்தைத் தேடிய மகள்

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) திரைப்படத்தில், தான் வளர்ப்புமகளென்று ஒன்பதாம் பிறந்தநாளில் அறியும் அமுதா, ஈன்றவளைத் தேடி மாங்குளம் நோக்கிப் புறப்படுகின்றாள். சிறுமியின் துயரத்தை வெறுங் கண்ணீராக்காது வினாவாக வளர்த்திருப்பது படத்தின் தலையாய சிறப்பாகும். ஏன் கைவிட்டாய் என்பதற்குச் சியாமாவிடம் விடையில்லை. அவ்விடையின்மையே வளர்த்த இந்திராவின் மடியை அமுதாவுக்கு முழுதும் உரித்தாக்குகின்றது. தாய்மை குருதியாலன்றிப் பேணுதலால் அமைவது என்னும் இம்முடிபு ஏற்கத்தக்கதே.

ஆயினும், மகளுக்கு இல்லம் கிட்டுமிடத்தில், தாய்க்கு எஞ்சுவது அமைதி பிறந்தபின் மகள் வரலாமென்னும் நம்பிக்கை மட்டுமே. படம் வெளிவந்த அதே பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; போரோ 2009இலேயே முடிவுற்றது. சியாமா ஏன் அங்கேயே தங்கினாள் என்பதை மாங்குளத்தின் பக்கம் நின்று படம் ஆராயவில்லை. அக்கதையை எழுதும் பொறுப்பு நம்முடையது.