கேட்டவர் யார்? அடிமை வாழ்வுப் பேட்டிகள்: ஒரு திறனாய்வு

பண்புசார் ஆய்வில் இறங்கும் இறையியல் மாணாக்கர் முதலில் எந்த நூலைப் படிக்கவேண்டும் என்று உடனாசிரியர் ஒருவர் அண்மையில் கேட்டார். முறையியல் பாடநூல் எதையும் நான் கூறவில்லை. 1936 முதல் 1938 வரை அமெரிக்கக் கூட்டரசின் எழுத்தாளர் திட்டத்தார், முன்பு அடிமைகளாயிருந்த முதியோரைக் கண்டு எடுத்த பேட்டிகளின் தொகுப்பையே குறிப்பிட்டேன். 17 மாநிலங்களைச் சேர்ந்த 2,300-க்கு மேற்பட்டோரின் வாய்மொழிகள் அதில் உள்ளன. 1941-இல் காங்கிரஸ் நூலகத்தில் தொகுதிகளாகச் சேர்க்கப்பட்ட இவற்றை, 1972 முதல் ஜார்ஜ் ராவிக் என்பவர் அச்சில் வெளிக்கொணர்ந்தார். பேட்டி கண்டு எழுதுதல் எத்துணை அரிய பணி, எத்துணை எளிதில் பழுதுபடும் பணி என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நூலை நான் அறியேன்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் என்னும் மூதாட்டியின் பேட்டியை எடுத்துக்கொள்வோம். நூறு வயதைக் கடந்தவர். அவரை இருவர் தனித்தனியே பேட்டி கண்டனர். இரண்டும் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. ஜெசி பட்லர் என்னும் வெள்ளையர் பெண்மணி கண்ட பேட்டியில் எஜமானர் நல்லவர். அடிமைகளைத் தயவாய் நடத்தியவர். அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பர் கண்ட பேட்டியிலோ, பிள்ளைகளையும் பெற்றோரையும் பிரித்து விற்கையில் எழுந்த அலறல் இரவும் பகலும் கேட்கிறது. திருமணம் முடிந்த மறுநாளே மணமகள் விற்கப்படுகிறாள். அவள் தாய் தெருவில் நின்று எஜமானனைச் சபிக்கிறாள். பெயர்கூட ஒன்றில் ஹாம்லின், மற்றொன்றில் ஹாமில்டன்!

மூதாட்டி பொய் சொன்னாரா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. பட்லர் அம்மையாரை நலத்துறை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று அவர் எண்ணிக்கொண்டார். அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். உதவித்தொகை வருமா வராதா என்று காத்திருக்கும் ஏழை, அதைத் தரவும் நிறுத்தவும் வல்லவரின் இனத்தாரைப்பற்றி அவர் முன்னிலையிலேயே என்ன சொல்வார்? பெரும்பாலான எஜமானர்கள் தயவுள்ளவர்கள்தாமா என்னும் போக்கில் கேள்வி வரும்போது, விடை பாதி சொல்லப்பட்டே வருகிறது. ஆயினும் லாட்சனின் ஏடே முழு உண்மை என்று ஏற்பதும் பேதைமை. அவரும் தாம் கேட்க விரும்பியதைக் கேட்டிருக்கலாம். கேட்டவரையும் கேட்ட சூழலையும் அறியாமல் பேட்டியைப் படிக்க இயலாது என்பதே என் முடிபு.

திட்டத்தார் முறையறியாதவர் அல்லர். 1937-இல் நாட்டார் வழக்காற்று ஆலோசகர் ஜான் லோமாக்ஸ் ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார். உணவு, உடை, உறையுள், வேலை, தண்டனை, வழிபாடு, விடுதலை நாள் என எளிய, வீட்டுப் பாங்கான கேள்விகள். இவை முதியவரைப் பேசத் தூண்டுவதற்கே. அவர் தாமாகப் பேசத் தொடங்கினால் பட்டியலை மறந்து பேசவிடுக. சிலரிடம் மீண்டும் செல்க என்றெல்லாம் அறிவுரையும் இருந்தது. திட்டத்தில் கறுப்பர் விவகாரங்களுக்குப் பொறுப்பான ஆசிரியராயிருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், பேச்சு வழக்கை மிகையாய்ச் சிதைத்து எழுதவேண்டாம் என்றும் எச்சரித்தார். களத்துக்குச் சென்றவரில் பலர் பட்டியலைக் குடிக்கணக்குப் படிவம்போல் மேலிருந்து கீழாக நிரப்பினர். ஒரே வருகையோடு முடித்தனர். வீடு திரும்பி நினைவிலிருந்து எழுதினர். குறை வினாக்களில் அன்று, பொறுமையில் இருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1929-30-இல், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஒஃபீலியா செட்டில் என்னும் கறுப்பர் இனப் பெண் ஆய்வாளர் டென்னசி, கென்டக்கிப் பகுதிகளில் இதே பணியைச் செய்தார். அவரிடம் முதியோர் மறைவின்றிப் பேசினர். அதே பல்கலைக்கழகம் 1945-இல் வெளியிட்ட மனந்திரும்புதல் அனுபவத் தொகுப்பு நம் மாணாக்கர்க்கு இன்னும் அணுக்கமானது. ஆயின் அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பேசியவரின் சொற்கள் தொடர்ச்சியான சாட்சிகளாக உள்ளனவேயன்றிக் கேட்டவரின் கேள்விகள் காணப்படவில்லை. எந்தக் கேள்விக்கு அந்தக் கண்ணீர் வந்தது என்று அறிய வழியில்லை.

வரலாற்றாசிரியர் ஜான் பிளாசிங்கேம் 1975-இல் கூட்டரசுத் தொகுப்பைக் கடுமையாக ஆய்ந்தார். பேட்டி கண்டோரில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதை அவர் வற்புறுத்துவது நியாயமே. ஆனால் இன வேறுபாடு ஒன்றையே காரணமாக்கினால், தம் மக்களிடம் செல்லும் நாம் குற்றமற்றவர் ஆகிவிடுவோமே!

எங்கள் மாணாக்கர் ஒருவர், கிராமச் சபையில் சாதி வேறுபாடு பற்றி ஆராய, குருவானவரின் துணையோடு ஒரு விதவைத் தாயாரின் இல்லம் சென்றார். மாணாக்கர் அத்தாயாரின் சமூகத்தவரே. “எங்க சபையில அப்படி ஒண்ணும் இல்லீங்க, ஐயா” என்பதே விடை. ஆய்வேட்டிலும் அப்படியே ஏறியது. நான் திருப்பி அனுப்பினேன். மாணாக்கர் மனம் நொந்தார் என்பதும் உண்மை. இரண்டாம் முறை தனியே சென்று, நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, அன்னார் முறத்தில் அரிசி புடைத்து முடிக்கும்வரை திண்ணையில் காத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் தம் கணவருக்கு எந்த மூலையில் இடம் கிடைத்தது என்பதை அந்த அம்மையார் அன்றுதான் சொன்னார்.

இரு விடைகளையும் ஏட்டில் சேர்க்கச் சொன்னேன். யார் அழைத்துச் சென்றார், எங்கே அமர்ந்தார்கள், அருகில் யார் இருந்தார் என்பனவற்றையும் ஒவ்வொரு பேட்டியின் தலைப்பிலும் எழுதும்படி இவ்வாண்டு முதல் கேட்டு வருகிறேன்.