செஸ் செயலிகளில் உண்மையிலேயே கடினமான நிலை எது?

வீடியோ கேம்களில் ‘மிகக் கடினம்’ என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எதிராளியின் புத்தி கூடுவதில்லை, கையிருப்புதான் கூடுகிறது. ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டின் கடைசி நிலையான ‘டெய்ட்டி’யைப் பாருங்கள். நாம் ஒரே ஒரு குடியேற்றக் குழுவோடு தொடங்கும்போது கணினி மூன்றோடு தொடங்குகிறது. உற்பத்தியிலும் பொன்னிலும் அதற்கு 80 சதவீதம் கூடுதல், போரில் ஒவ்வொரு படைக்கும் 4 புள்ளி கூடுதல் பலம். திட்டமிடும் மூளை கீழ்நிலையில் இருந்த அதே மூளைதான். 1993-ல் வந்த ‘டூம்’ விளையாட்டின் ‘நைட்மேர்’ நிலையிலும் அரக்கர்கள் வேகமாகிறார்கள், செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். யாருக்கும் அறிவு வளர்வதில்லை. செஸ்ஸில் இந்த வழி கிடையாது. இருபுறமும் பதினாறு காய், அறுபத்து நான்கு கட்டம், அதற்கு மேல் கணினிக்கு எதையும் அள்ளிக் கொடுக்க முடியாது. அதனால் செஸ் செயலியில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மிகக் கடினமான நிலைதான் இயந்திரத்தின் இயல்பான நிலை. அதை உருவாக்கத் தனியாக யாரும் மெனக்கெடுவதில்லை. மெனக்கெட்டுச் செய்யப்படுபவை எல்லாம் அதற்குக் கீழே உள்ள எளிய நிலைகளே.

இது ஏதோ பொழுதுபோக்குக் கேள்வி என்று தமிழ்நாட்டில் தள்ளிவிட முடியாது. இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் சுமார் மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். ஆனால் பெரிய பயிற்சியாளர்களும் பெரிய போட்டிகளும் குவிந்திருப்பது சென்னையில்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பஸ் ஏறுவது என்றால் நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, அப்பாவோ அம்மாவோ தறியை விட்டு வர வேண்டிய ஒரு நாள் என்று கணக்கு நீள்கிறது. மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்காருவது கைபேசிதான். அதில் எந்த எண்ணைத் தொடுவது என்பது அதன் பயிற்சியையே தீர்மானிக்கிற விஷயம். ஆர்வமுள்ள பிள்ளைகள் நேராகக் கடைசி எண்ணைத் தொடுகிறார்கள். பெற்றோரும் அதைத் துணிச்சல் என்று எண்ணி மகிழ்கிறார்கள். அந்தக் கடைசி எண் பயிற்சி தருவதில்லை என்பதும், கற்பவருக்குப் பயன்படும் மிகக் கடினமான நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதும் என் முடிவு.

முதலில் லிச்செஸ். விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் நன்கொடையில் நடக்கும் தளம் என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம். கணினியோடு ஆடும் பகுதியைத் திறந்தால் 1 முதல் 8 வரை எண்கள் வரிசையாக நிற்கின்றன. எதிரே ஆடுவது ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின். 2008 முதல் வளர்ந்துவரும் திறந்த மூல மென்பொருள் அது. எட்டாம் நிலையில் அதன் திறன் அளவு உச்சமான 20-ல் வைக்கப்படுகிறது. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நொடி நேரமும் 22 அடுக்கு ஆழமும் கிடைக்கின்றன. ஐந்தாம் நிலைக்கு ஆழம் வெறும் 5. எட்டோடு ஆடும் ஆட்டம் எப்படிப் போகும்? பயங்கரத் தாக்குதல் எதுவும் வராது. இருபது நகர்த்தல் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பிறகு ஒரு மந்திரிக்குப் போக இடம் குறையும், ஒரு சிப்பாய் காவலின்றி நிற்கும், அதைக் காப்பாற்றப் போனால் யானை மூலையில் முடங்கும். ஆட்டம் முடிந்து அலசல் வரைபடத்தைத் திறந்தால் கோடு படியாகச் சரியாமல் சறுக்குமரம்போல் வழுக்கி இறங்கியிருக்கும். பெரும்பிழை என்று சிவப்பில் காட்ட எதுவும் இருக்காது. எங்கே தவறினோம் என்ற கேள்விக்கு ‘எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்’ என்பதே பதில் என்றால், ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

சரி, கீழே இறங்கலாமே என்றால் அங்கே வேறொரு கோளாறு. ஸ்டாக்ஃபிஷின் பலத்தைக் குறைக்கும் முறை இது: நல்ல நகர்த்தல்கள் சிலவற்றைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, திறன் அளவுக்கு ஏற்ப, சில நேரம் வேண்டுமென்றே மட்டமானதைத் தேர்ந்தெடுப்பது. விளைவு, பதினைந்து நகர்த்தல் பிசகில்லாமல் ஆடிய எதிராளி திடீரென்று ராணியைச் சும்மா கொடுத்துவிடுகிறது. மனிதர் யாரும் அந்த இடத்தில் அப்படித் தவற மாட்டார்கள். இந்தத் தவறுக்குக் காத்திருந்து ஜெயிக்கப் பழகும் பிள்ளை, எதிராளியை நெருக்கித் தவறச் செய்யும் கலையைக் கற்பதே இல்லை. போட்டி மேசையில் அந்தத் தவறு வராது.

செஸ்.காம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உச்ச நிலை 25, ரேட்டிங் 3200. மனிதர் எட்டிய உச்சம் மாக்னஸ் கார்ல்சனின் 2882. இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை அல்ல என்றாலும் இடைவெளி உண்மை. முகமும் பெயரும் கொண்ட ‘பாட்’ எனும் கணினி எதிராளிகள் பல இருப்பது சிறு பிள்ளைகளைக் கவரும். இலவசக் கணக்கில் கட்டுப்பாடுகள் உண்டு. கற்பதைப் பொறுத்தவரை 3200-ம் லிச்செஸின் எட்டும் ஒன்றே.

இவற்றிலிருந்து அடியோடு மாறுபட்டது லீலா. 2018-ல் தொடங்கிய திறந்த மூல முயற்சியான லீலா செஸ் ஸீரோ, தனக்குத்தானே ஆடிக் கற்ற நரம்பு வலைப்பின்னல் இன்ஜின். அதன் ஒரு வடிவம் லிச்செஸில் ‘லீலா நைட் ஆட்ஸ்’ என்ற பெயரில் ஆடுகிறது. தன் குதிரைகளில் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துவிட்டு வருகிறது. யானை இல்லாமலும் ராணியே இல்லாமலும் ஆடும் வடிவங்கள் தனியே உண்டு. குதிரை குறைந்த ஸ்டாக்ஃபிஷோடு ஆடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் எதிராளியும் தன்னைப்போலவே பிழையின்றி ஆடுவார் என்று நம்புகிறது. குதிரை குறைந்தால் எந்த வழியும் தோல்வி என்றே அதன் கணக்கு சொல்லும். காய்களை வெட்டிக்கொண்டு அமைதியாகத் தோற்கவும் அது தயங்காது. லீலாவின் இந்த வடிவமோ காய் குறைந்த நிலையிலிருந்தே பழக்கப்பட்டது. எதிரே இருப்பவர் தடுமாறக்கூடியவர் என்பதை அறிந்து ஆடுகிறது. வெட்டிக்கொள்ள நாம் நீட்டும் காயைத் தொடாமல் விலகும். சிப்பாய்களை அடைத்து வைக்காமல் திறந்து விடும். நம் ராஜா இருக்கும் பக்கமாகவே சிக்கலை வளர்க்கும். பிளிட்ஸ் எனும் அதிவேக நேரக் கணக்கில் கிராண்ட்மாஸ்டர்களே ஒரு குதிரை அதிகமாக வைத்துக்கொண்டு அதனிடம் தோற்றிருக்கிறார்கள்.

‘டெய்ட்டி’ நிலை மந்தமான மூளைக்குப் பெரிய படையைக் கொடுத்தது. இங்கே கூர்மையான மூளையிடமிருந்து படை பறிக்கப்படுகிறது. கடினத்தைக் கூட்டிக் குறைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. மூளையில் கை வைக்கவே இல்லை, அது எந்த நகர்த்தலையும் பொய்யாகத் தவறவிடுவதில்லை. நமக்கு ஆட்டம் தொடங்கும்போதே ஜெயிக்கும் நிலை கையில் இருக்கிறது. அதை இழந்தால், இழந்த இடம் துல்லியமாகத் தெரியும். அலசல் வரைபடத்தில் கோடு உயரத்தில் தொடங்கி, ஒரு குறிப்பிட்ட நகர்த்தலில் இடிந்து விழுந்திருக்கும். சேலையின் கரையையும் உடலையும் சேர்த்து நெய்யும் கோர்வைத் தறியில் கரை நாடாவைத் தள்ளும் உதவியாளர் தேர்ந்த நெசவாளரின் பக்கத்திலேயே இருந்து பழகுகிறார். பிசகினால் கரையும் உடலும் சேரும் அந்த இழையிலேயே தெரிந்துவிடும். அந்த மாதிரியான அருகாமை எட்டாம் நிலையில் இல்லை, லீலாவிடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பால் மார்ஃபி போன்றவர்கள் தம்மைவிட இளைத்தவர்களோடு ஆட இப்படித்தான் குதிரையையோ யானையையோ விட்டுக்கொடுத்தார்கள். மறந்துபோன அந்த வழக்கம் இயந்திரத்தின் வழியாகத் திரும்பி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் பயிற்சியாளர்களுடையது: குதிரை இல்லாத ஆட்டம் செஸ்ஸே அல்ல, தொடக்க நகர்த்தல்கள் எல்லாம் தாறுமாறாகிவிடும், பிள்ளை தவறான பழக்கங்களைக் கற்கும். ஓபனிங் விஷயத்தில் இது முழுக்கச் சரி. அதைக் கற்கும் இடம் இது இல்லை. ஆனால் பள்ளி அளவிலான போட்டிகளில் ஆட்டங்கள் ஓபனிங்கில் தோற்கப்படுவது குறைவு. ஒரு காய் கூடுதலாக இருந்தும் முடிக்கத் தெரியாமல் நழுவவிடுவதே அதிகம். ஜெயிக்கும் நிலையை ஜெயிப்பதுதான் இந்த விளையாட்டில் கடினமான வேலை, அதை இத்தனை இரக்கமில்லாமல் சோதிக்கும் எதிராளி வேறு இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இன்றைய இந்திய வீரர்களை உருவாக்கியதே இன்ஜின்கள்தானே, பிறகு உச்ச நிலையை ஏன் ஒதுக்க வேண்டும்? உருவாக்கியதில் இன்ஜின்களுக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அவற்றை எதிராளியாக வைத்து வளரவில்லை, அலசிப் பார்க்கும் கருவியாக வைத்தே வளர்ந்தார்கள். 2024-ல் உலக சாம்பியனான குகேஷின் கதை இன்னும் தெளிவானது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐ ஒட்டி வரும்வரை அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை என்பது பலமுறை வெளிவந்த செய்தி. சொந்தமாகக் கணக்கிடும் பழக்கம் முதலில் வர வேண்டும் என்பதே காரணம். குகேஷ் அபூர்வமானவர், எல்லோருக்கும் அது பொருந்துமா என்று கேட்கலாம். அபூர்வமானவருக்கே அந்த வரிசை தேவைப்பட்டது என்றால் சாதாரணத் திறமை கொண்ட பிள்ளைக்கு அது இன்னும் தேவை என்றுதான் நான் வாதிடுவேன்.

குகேஷ் உலக சாம்பியனான ஆட்டத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-வது ஆட்டம், குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் தலா ஆறரைப் புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் சரியாக ஆடினால் டிரா. வெள்ளைக்காய் ஆடிய டிங் லிரன் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானைகளை வெட்டிக்கொள்ள அழைத்தார். குகேஷ் வெட்டினார், அடுத்து மந்திரியை டி5-ல் வைத்து மந்திரிகளையும் வெட்ட வைத்தார். மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. எட்டாம் நிலை இந்தத் தவறை ஒருநாளும் செய்யாது. மூன்றாம் நிலை இந்த வகைத் தவறைச் செய்யாது, அது ராணியைத்தான் கொடுக்கும். மணிக்கணக்கான அழுத்தத்தில், களைத்த மனிதர், ‘வெட்டிவிட்டால் எளிதாகிவிடும்’ என்று நம்பிச் செய்த தவறு அது. உலகப் பட்டமே அத்தகைய ஒரு தருணத்தில் தீர்மானமாகிறது.

இந்த மனிதத் தவறைக் கற்றுக்கொண்ட இன்ஜினும் ஒன்று உண்டு: மையா. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. லிச்செஸில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு ரேட்டிங்காரரும் எந்த நகர்த்தலைச் செய்வார் என்று ஊகிக்கிறது; பாதிக்கு மேல் ஊகம் பலிக்கிறது. அதன் உச்சமான 1900-ஐ ‘மிகக் கடினம்’ வரிசையில் வைப்பதா என்று சிலர் சிரிக்கலாம். நேரில் ஆடினால் அது ஒரு நல்ல கிளப் ஆட்டக்காரரோடு ஆடுவதுபோலவே இருக்கிறது; தவறினாலும் நாமும் தவறக்கூடிய இடத்தில்தான் தவறுகிறது. அதன் குறை வேறு: பெரும்பாலோர் செய்யும் நகர்த்தலையே எடுப்பதால் தனியொருவரின் சறுக்கல் சராசரியில் கரைந்துவிடுகிறது, பெயரில் உள்ள எண்ணைவிடப் பலமாக ஆடுகிறது. இறுதிக்கட்டத்தில் ஜெயிக்கும் ஆட்டத்தை இழுத்தடிக்கவும் செய்யும்.

எட்டாம் நிலையை முற்றிலும் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்குப் பொருத்தமான ஒரு வேலை இருக்கிறது. லிச்செஸின் பலகைத் திருத்தியில் சிங்கப்பூர் ஆட்டத்தின் 55-வது நகர்த்தலுக்கு முந்தைய நிலையை அடுக்கி, வெள்ளையை எடுத்துக்கொண்டு, எட்டோடு அங்கிருந்து ஆடிப் பார்க்கலாம். டிரா காக்க முடிகிறதா என்பதற்கு விட்டுக்கொடுக்காத தேர்வாளர் அது. காய்கள் குறைந்து, கேள்வி ஒன்றாகச் சுருங்கிய இறுதிக்கட்டத்தில் உச்ச நிலையின் ஒவ்வொரு அடியும் காரணத்தோடு நமக்குப் புரிகிறது. முழு ஆட்டத்தில்தான் அது ஊமையாகிவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை: ராணி இல்லாத லீலாவிடம் தொடங்கி, அதை நம்பகமாக ஜெயிக்க ஆரம்பித்ததும் யானை இல்லாததற்கும், பிறகு குதிரை இல்லாததற்கும் போவது, இடையிடையே மையா 1900, இறுதிக்கட்டத்துக்கு மட்டும் எட்டு. பிளிட்ஸ் வேண்டாம், நகர்த்தலுக்குப் பத்து நொடியாவது சேரும் நேரக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. இதில் ஒரு நடைமுறைக் குறை உண்டு. லீலாவும் மையாவும் அந்த 1 முதல் 8 வரையிலான வரிசையில் இல்லை. ‘பாட்’களின் பக்கத்தைத் தேடிப்போய்ச் சவால் அனுப்ப வேண்டும், இணையம் வேண்டும், வேறு பலரும் ஆடிக்கொண்டிருந்தால் காத்திருக்க நேரும். தேடாமலே கைக்கு எட்டுவது அந்த எட்டு எண்கள்தான், அதனால்தான் பிள்ளைகளின் விரல் அங்கே போகிறது. லீலாவும் மையாவும் திறந்த மூலம் என்பதால், காய் குறைத்து ஆடும் படிகளை அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே, இணையம் இல்லாமலும் ஓடும்படி ஒரு செயலியில் கொண்டுவருவது செய்யக்கூடிய வேலை. சென்னையின் அகாடமிகளோ மாநில செஸ் சங்கமோ தமிழ் இடைமுகத்தோடு அதைச் செய்தால், முதலில் பயன்பெறுவது காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் பிள்ளைகள்.